வந்த ஆர்சனிக் எங்கே போனது?

தாமிரச் சுரங்கமும் உருக்காலையும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அபராதங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கும். சுரங்கம் கப்பலில் ஏற்றி அனுப்புவது தாதுவை நைஸாக அரைத்து, நுரைத்தொட்டியில் மிதக்கவிட்டு, தாமிரத் துகள்களை மட்டும் வழித்தெடுத்த கருஞ்சாம்பல் பொடி. அதில் 25 முதல் 30 சதவீதம் தாமிரம். அதற்கு விலை உண்டு. கூடவே தங்கமோ வெள்ளியோ இருந்தால் அதற்கும் விலை போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் ஆர்சனிக் 0.2 சதவீதம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கணக்கு திரும்பிவிடும்: கூடுகிற ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் டன்னுக்கு இத்தனை டாலர் என்று விலையில் பிடித்துக்கொள்வார்கள். பிஸ்மத், ஆன்டிமனி, பாதரசம், ஃபுளோரின் ஆகியவற்றுக்கும் தனித்தனி எல்லை, தனித்தனி அபராதம்.

உருக்காலை நச்சுகளைப் பற்றிக் கிடைக்கும் தாள்களில் நான் அதிகம் நம்புவது இந்த ஒப்பந்தத்தைத்தான். பணம் சம்பந்தப்பட்டது என்பதால் விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியே மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். இரண்டு முடிவும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பி, அது சொல்வதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆலைக்குள் நுழைகிற ஆர்சனிக் இவ்வளவு கறாராக எடை போடப்படுகிறது. வெளியே போகிற ஆர்சனிக்குக்கு இதே கறார் உண்டா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில் ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுக்கும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதத் தாமிரமுள்ள பொடி என்றால் ஏறக்குறைய 13.3 லட்சம் டன் வேண்டும். அதில் ஆர்சனிக் 0.2 சதவீதம், அதாவது அபராதம் விழாத அளவுதான். அப்படியும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,650 டன் ஆர்சனிக் வாசல் தாண்டி உள்ளே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே ஒரு கிராம் போதும், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்.

ஆர்சனிக் ஒரு தனிமம். பூச்சிக்கொல்லியை எரிக்கலாம், சாயக்கழிவை நுண்ணுயிர் தின்னலாம். தனிமத்தை எந்த உலையாலும் அழிக்க முடியாது. 2,650 டன் உள்ளே போனால் 2,650 டன் ஏதோ ஒரு வழியாக வெளியே வந்தாக வேண்டும், அல்லது வளாகத்துக்குள்ளேயே எங்கோ குவிந்து கிடக்க வேண்டும். ஆலைக்காரர்கள் ‘கட்டுப்பாடு’ என்று சொல்வதெல்லாம் எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதுதான்.

விற்பனைக்குப் போகும் தாமிரத்தில் தொடங்கலாம். அந்தக் கணக்குச் சுலபம். லண்டன் உலோகச் சந்தை ஏற்கும் முதல் தரத் தாமிரத் தகட்டில் ஆர்சனிக் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 4 லட்சம் டன்னுக்குப் பெருக்கினால் அதிகபட்சம் 2 டன். நம் வீட்டு மின்கம்பியோடு ஊர் ஊராகப் போவது அவ்வளவுதான். மீதி 2,648 டன்?

உலைக்குள் வெப்பம் சுமார் 1,250 டிகிரி செல்சியஸ். 1949-இல் ஃபின்லாந்தின் ஹர்யவால்டாவில் ஔட்டோகும்பு நிறுவனம் தொடங்கிய முறையில், உலர்ந்த பொடியையும் ஆக்சிஜன் கலந்த காற்றையும் மேலிருந்து சேர்த்து ஊதுகிறார்கள். பொடியில் உள்ள கந்தகமும் இரும்பும் எரிந்தே வேண்டிய சூட்டின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகின்றன. துகள் கீழே வந்து விழுவதற்குள் உருகிவிடும். அடியில் இரண்டு அடுக்குகள் பிரிகின்றன: கீழே தாமிரமும் கந்தகமும் சேர்ந்த கனமான ‘மேட்’, மேலே இரும்பும் மணலும் சேர்ந்த கசடு. இவற்றுக்கு மேலே வாயு. பொடியோடு வந்த ஒவ்வொரு சிறு தனிமமும் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

தங்கம், வெள்ளி, செலீனியம், டெல்லூரியம் ஆகியவை பெரும்பாலும் தாமிரத்தை விடுவதில்லை. கடைசி வரை கூடவே போய், மின்பகுப்புத் தொட்டியின் அடியில் சேறாகத் தங்குகின்றன. அந்தச் சேறுதான் ஆலையின் தங்கப் பெட்டி. பாதரசத்துக்கு உலையில் தங்கும் வழியே இல்லை. உள்ளே போன கணத்தில் ஆவி. ஆர்சனிக் மூன்றிலும் கால் வைக்கும். கொஞ்சம் மேட்டில், கொஞ்சம் கசடில், பெரும்பகுதி வாயுவில். எந்த விகிதம் என்பது உலை இயக்குபவர் கையில் இருக்கிறது. ஆக்சிஜனைக் கூட்டி மேட்டின் தாமிரச் செறிவை உயர்த்தினால் ஆர்சனிக் ஆவியாவது குறைந்து, உருகிய அடுக்குகளில் தங்குவது கூடும். உற்பத்தியை விரைவுபடுத்த எடுக்கும் ஒரு முடிவு, நஞ்சு போகும் பாதையையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது.

ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கிடைப்பது ஆர்சனிக் டிரையாக்சைடு, சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம். இது கற்பூரம் மாதிரி. சூடாக்கினால் ஆவியாகிக் கிளம்பி, குளிர்ந்த பரப்பைக் கண்டதும் வெள்ளையாகப் படியும். இந்தக் குணம்தான் அதன் பயணத்தைத் தீர்மானிக்கிறது. 1,250 டிகிரியில் உலையை விட்ட வாயு கொதிகலனில் சூட்டைக் கொடுத்து 350 டிகிரிக்கு இறங்குகிறது. அடுத்து மின்புலத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் பிரம்மாண்டமான வடிப்பான். ஆலையைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் இதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். தூசியில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வெப்பத்தில் ஆர்சனிக்கில் ஒரு பங்குதான் தூசியிலுள்ள தாமிர, இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டியிருக்கும். மீதி ஆவியாகவே இருக்கும். தூசி பிடிக்கும் கருவி ஆவியை எப்படிப் பிடிக்கும்? அது பாட்டுக்கு நடுவில் புகுந்து போய்விடும். அதனால்தான் அடுத்த கட்டத்தில் வாயுவைத் தண்ணீரால் கழுவி 60, 70 டிகிரிக்குக் குளிரவைக்கிறார்கள். அங்கேதான் ஆர்சனிக் நீரில் இறங்கும். பெருமளவு சுத்தமான கந்தக டை ஆக்சைடு கந்தக அமில ஆலைக்குப் போகும்.

வாயுவைக் கழுவி அமிலமாக்கும் வழக்கம் வருவதற்கு முன் இருந்த ஏற்பாடு எளிமையானது: உயரமான புகைபோக்கி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நகரை ஒட்டி ரஸ்டன் என்ற சிற்றூரில் 1890-இல் ஒரு ஈய உருக்காலை வந்தது. 1905-இல் அசார்கோ நிறுவனம் அதை வாங்கி, பின்னர் தாமிரத்துக்கு மாற்றியது. 1917-இல் எழுப்பிய புகைபோக்கியின் உயரம் 571 அடி. அந்தக் காலத்தில் உலகின் மிக உயரமானவற்றில் ஒன்று. மற்ற ஆலைகள் தொடத் தயங்கிய ஆர்சனிக் மிகுந்த தாதுதான் டகோமாவின் தனிச்சரக்கு. பிலிப்பைன்ஸின் லெப்பான்டோ சுரங்கத்தில் கிடைத்த எனார்கைட் அங்கே வந்தது. அந்தக் கனிமத்தில் எடைக்கு 48 சதவீதம் தாமிரம், 19 சதவீதம் ஆர்சனிக்.

அபராதம் கட்டவேண்டிய சரக்கை விரும்பி வாங்கியதற்குக் காரணம் இருந்தது. டகோமா ஆர்சனிக்கையும் விற்றது. வடிப்பானில் சிக்கிய தூசியை இன்னொரு உலையில் மறுபடி வறுப்பார்கள். ஆவி, செங்கல் அறைகள் வரிசையாக உள்ள ஒரு கூடத்துக்குள் செலுத்தப்படும். முதல் அறை சூடு, அடுத்தது கொஞ்சம் குறைவு, கடைசி அறை ஆறியது. அறைக்கு அறை சூடு இறங்க இறங்க, சுவரிலும் தரையிலும் வெள்ளைப் படிகம் ஏறும். தொழிலாளர்கள் இந்த அறைகளுக்கு வைத்த பெயர் ‘கிச்சன்’. அறை நிறைந்ததும் ஆவியை வேறு வரிசைக்குத் திருப்பிவிட்டு, ஆட்கள் இறங்கி, மண்வெட்டியால் அள்ளி வெளியே எடுப்பார்கள். ஒரு மனிதனைக் கொல்ல 100, 200 மில்லிகிராம் போதுமான பொருளை மண்வெட்டியால். ஒரு கட்டத்தில் அமெரிக்காவில் வெள்ளை ஆர்சனிக் தயாரித்த ஒரே இடம் இதுதான்.

இப்படி விற்பனைச் சரக்கான ஆர்சனிக் பருத்தி வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் பூச்சிமருந்தாகப் போனது. பிறகு மரத்துக்குள் புகுந்தது. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கரைத்து மரத்துக்குள் அழுத்திச் செலுத்தினால் கரையானும் பூஞ்சையும் அண்டாது என்று 1933-இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோண்டி காமேசன். அமெரிக்கப் புறநகர்களின் கொல்லைப்புற மேடைகள், வேலிகள், குழந்தைகள் ஏறி விளையாடும் மரச் சட்டங்கள் என்று இந்த இந்தியக் கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் நின்றது. வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை அங்குள்ள நிறுவனங்கள் 2003 முடிவில் தாமாகவே நிறுத்திக்கொண்டன. அந்த மரங்கள் பழசாகிக் குப்பைக்குப் போகும்போது டகோமாவின் ஆர்சனிக்கும் கூடவே போகிறது. கணக்குப் புத்தகத்தில் அதன் பெயர் ‘விற்பனை’. மண்ணுக்கு அது தவணை முறையில் வந்த வரவு.

ரஸ்டனில் பள்ளிக்கூடம் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் மாநிலச் சுகாதாரத் துறையின் சாமுவேல் மில்ஹாம், ஆலையைச் சுற்றியுள்ள குழந்தைகளின் சிறுநீரில் ஆர்சனிக்கை அளந்தார். ஆலைக்கு அருகே அதிகம். தூரம் கூடக் கூடக் குறைந்தது. வீடுகளில் வேக்குவம் கிளீனர் பையில் சேர்ந்த தூசியும் அதே கதையைச் சொன்னது. ஆலையின் கணக்கில் காணாமல் போனது வரவேற்பறைக் கம்பளத்தில் கிடந்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். உள்ளே வந்ததை எடை போடுகிறோம், கசடு, தூசி, கழிவுநீர் எல்லாவற்றையும் எடை போடுகிறோம். கழித்துப் பார்த்தால் காற்றில் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடாதா? தெரியாது. நம் மாதிரி ஆலைக்கே வருவோம். மலைபோல் குவிந்த பொடியிலிருந்து சில கிலோ மாதிரி எடுத்து, அதிலிருந்து சில கிராம் எடுத்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் பார்த்து ‘0.2 சதவீதம்’ என்கிறோம். மாதிரி எடுப்பதிலும் அளப்பதிலும் சேர்ந்து 5 சதவீதம் பிசகினால்கூட 2,650 டன்னில் 130 டன் மாயமாகும், அல்லது இல்லாத 130 டன் முளைக்கும். புகைபோக்கியில் போவது அதைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்த்தால், கிடைப்பது அந்தச் சிறிய எண் இல்லை, நம் பிழைதான். ‘கணக்கு 95 சதவீதம் பொருந்துகிறது’ என்று ஆலை அறிக்கை சொன்னால் பொறியாளர்கள் தலையாட்டுவார்கள். பொருந்தாத அந்த 5 சதவீதத்துக்குள்தான் ஒரு ஊரின் காற்று முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே காற்றில் போவதைக் காற்றில்தான் அளக்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

அதிலும் புகைபோக்கியை மட்டும் அளந்தால் போதாது. உலையிலிருந்து வரும் மேட்டை அடுத்து கன்வெர்ட்டர் என்ற உருளையில் ஊற்றிக் காற்று ஊதுவார்கள். ஊற்றும்போதும் சாய்க்கும்போதும் அதன் வாய் திறந்திருக்கும். அங்கே கிளம்பும் புகை கூரை இடுக்கு வழியாகத் தாழ்வாக வெளியேறும். 571 அடி உயரத்தில் போனது பல மைல் தள்ளி விழுந்தது; கூரையில் கசிந்தது அடுத்த தெருவிலேயே இறங்கியது. 1983-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டகோமாவுக்கு ஆர்சனிக் விதி கொண்டுவர முனைந்தபோது, வலியுறுத்தியது இந்தக் கன்வெர்ட்டர்களுக்கு இரண்டாவது புகைமூடி போடுவதைத்தான்.

அந்த முகமையின் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் அப்போது வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். இப்போதைய நிலையில் ஆண்டுக்கு நான்கு பேருக்கு நுரையீரல் புற்றுநோய், மூடி போட்டால் ஒருவருக்கு என்பது முதல் மதிப்பீடு. அதற்கும் மேல் குறைக்கச் சொன்னால் ஆலை மூடப்படலாம், 500-க்கும் மேற்பட்டவர்களின் வேலை போகும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஊர் மக்களிடமே கேட்டார். வேலையா உயிரா என்று மக்களைக் கேட்பது நியாயமா என்று பத்திரிகைகள் திட்டின. கூட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் சட்டையில் ‘இரண்டும்’ என்று எழுதிய பொத்தான் குத்தியிருந்தார்கள். விதி முடிவாவதற்கு முன்பே, 1985-இல் தாமிர விலை வீழ்ச்சியில் ஆலையே நின்றுவிட்டது. புகைபோக்கியை 1993 ஜனவரி 17 அன்று வெடிவைத்துச் சாய்த்தார்கள். அதிலிருந்து கிளம்பியது பரவிய பரப்பு 1,000 சதுர மைல். ஆலையை ஒட்டிய வீடுகளில் மண்ணில் பத்து லட்சத்தில் 230 பங்குக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் அள்ளி மாற்றவேண்டும் என்றது மத்திய முகமை. வாஷிங்டன் மாநிலத்தின் சொந்த எல்லையோ 20. ஒரே மண் ஓர் அலுவலகத்துக்கு நல்ல மண், இன்னொன்றுக்குக் கெட்ட மண்.

கசடுக்கு வருவோம். உருகிய கசடு ஆறும்போது கண்ணாடிபோல் இறுகும். ஆர்சனிக் அதற்குள் பூட்டப்பட்டிருக்கும், மழையில் கரையாது என்பது ஆலைகளின் வாதம். பல சூழல்களில் அது சரியே. டகோமா தன் கசடைக் கடலில் ஊற்றி ஊற்றியே ஒரு முனையை உண்டாக்கியது. இன்று அது பூங்கா. ஆனால் அதே கசடை அந்தத் துறைமுகத்தின் மரம் அடுக்கும் முற்றங்களில் சேறு மிதிபடாமலிருக்கப் பரப்பினார்கள். மரப்பட்டை அழுகினால் அமிலம் சுரக்கும். பட்டையும் கசடும் லாரிச் சக்கரத்தில் அரைபட்டுக் கலந்ததில் பூட்டு திறந்துகொண்டது; ஆர்சனிக் ஓடைகளுக்கும் கால்வாய்க்கும் இறங்கியது. நம் மாதிரி ஆலையில் 8 லட்சம் டன் கசடு விழுகிறது, அதில் ஆர்சனிக் 0.1 சதவீதம் என்று வைத்தால் 800 டன். அது ஆபத்தா இல்லையா என்பதைக் கசடின் சோதனைத்தாள் மட்டும் சொல்லிவிடாது. எங்கே கொட்டுகிறார்கள், அங்கே என்ன தண்ணீர் என்பதையும் பார்க்க வேண்டும்.

மேட்டோடு தொற்றிக்கொண்ட ஆர்சனிக் கடைசியில் மின்பகுப்புக் கூடத்துக்கு வருகிறது. கனத்த ஆனோடுத் தகடுகள் வெதுவெதுப்பான தாமிர சல்பேட், கந்தக அமிலக் கரைசலில் மூன்று வாரம் கரையும். எதிரே கேதோடு என்ற மெல்லிய தகட்டில் சுத்தத் தாமிரம் ஏறும். இங்கே ஒரு வேடிக்கை. ஆர்சனிக்கை முழுக்க ஒழித்துவிட்டால் வேலை கெட்டுவிடும். ஆன்டிமனியும் பிஸ்மத்தும் சேர்ந்து பஞ்சுபோல ஒரு சேறாகித் தொட்டியில் மிதக்கும். அது கேதோடில் ஒட்டினால் தகடு பாழ். போதுமான ஆர்சனிக் இருந்தால் அந்தச் சேறு மிதக்காமல் அடியில் படியும். ஆன்டிமனி, பிஸ்மத் இரண்டின் கூட்டுத்தொகைபோல் இரு மடங்காவது ஆர்சனிக் அணுக்கள் இருக்க வேண்டும் என்பது கூடத்தில் பின்பற்றும் விதி. பிஸ்மத் மேல் அவ்வளவு பயம். தாமிரத்தில் மிகச் சிறிதளவு பிஸ்மத் சேர்ந்தாலும் கம்பி இழுக்கும்போது நொறுங்கும்.

இருந்தாலும் கரைசலில் ஆர்சனிக் ஏறிக்கொண்டே போகவிடவும் முடியாது. அவ்வப்போது ஒரு பங்கை வடித்தெடுத்து, தனித் தொட்டிகளில் மின்சாரம் பாய்ச்சித் தாமிரத்தை முழுவதும் உறிஞ்சுவார்கள். தாமிரம் வற்றும் கடைசிக் கட்டத்தில் ஆர்சனிக்கும் கருப்புச் சேறாக இறங்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் ஹைட்ரஜனோடு கூடி ஆர்சைன் வாயு கிளம்பும். நிறமில்லை, லேசாகப் பூண்டு வாடை, அதுவும் எப்போதும் தெரியாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உருக்காலையில் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் தீ கொழுந்துவிட்டு எரியும் உலை என்றுதான் வெளியாள் நினைப்பார். எனக்கென்னவோ சத்தமில்லாத இந்தத் தொட்டிகள்தான் என்று படுகிறது.

தூசியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வடிப்பானில் சிக்கும் தூசியில் நிறையத் தாமிரம் இருக்கும். வீணாக்க மனம் வராது. மறுபடி உலைக்கே அனுப்புவார்கள். அதில் உள்ள ஆர்சனிக்கும் திரும்பி வரும். 100 கிலோ புதிதாக வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் 80 சதவீதம் தூசிக்குப் போய் முழுவதும் உலைக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், நாளடைவில் உலை எந்நேரமும் 500 கிலோவைச் சுமந்துகொண்டிருக்கும். வெளியே போவது அப்போதும் 100தான். ஆனால் அந்த 100-உம் கசடிலும் மேட்டிலும் போகும். தூசி வாசலை அடைத்த ஆலை, தன்னை அறியாமல் தாமிரத்தையும் கசடையும் கெடுத்துக்கொள்கிறது. இதைத் தவிர்க்க ஒரு பங்குத் தூசியைச் சுழற்சியிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகக் கையாள வேண்டும். அதற்குச் செலவு. தாமிர விலை சரியும் ஆண்டுகளில் முதலில் தள்ளிப்போடப்படும் செலவும் அதுதான்.

பாதரசத்துக்குத் தண்ணீரும் அடங்காது. கழுவியபின்னும் தனிமமாகவே வாயுவில் மிதந்து, அமில ஆலைக்குள் போய், விற்கப்படும் கந்தக அமிலத்தில் சேரும். அமிலத்தின் பெரிய வாடிக்கையாளர் உரத் தொழிற்சாலை. இதை மறிக்கும் முறை 1972-இல் நார்வேயின் ஓடா துத்தநாக ஆலையில் நடைமுறைக்கு வந்தது: வாயுவின் மேல் பாதரசக் குளோரைடுக் கரைசலைத் தெளித்தால், மிதக்கும் பாதரசம் அதோடு சேர்ந்து கலோமல் என்ற கரையாத பொருளாக விழும். பாதரசத்தைப் பாதரசத்தாலேயே பிடிக்கிற யோசனை. விழுந்த கலோமலைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் பாக்கி.

எல்லா வாசலும் கடைசியில் இந்த இடப் பிரச்சினையில்தான் வந்து முட்டுகிறது. நம் மாதிரி ஆலையில் தாமிரத்தில் 2 டன், அமிலத்தில் ஏறக்குறைய 1 டன், கசடில் 800 டன் போக, 1,850 டன்னுக்கு அருகே ஆர்சனிக் தூசியாகவும் கழுவிய நீராகவும் தேங்கும். நீரில் சுண்ணாம்பைக் கொட்டினால் கால்சியம் ஆர்சனேட்டாக இறங்கிவிடும், மலிவு, உடனடி. ஆனால் அந்தச் சேற்றைத் திறந்தவெளியில் வைத்தால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடே போதும். கால்சியம் மெல்லச் சுண்ணாம்புக்கல்லாக மாறி, ஆர்சனிக்கை விட்டுவிடும். இதைவிட உறுதியானது ஸ்கோரோடைட், இரும்பும் ஆர்சனிக்கும் நீரும் சேர்ந்து இயற்கையிலேயே கிடைக்கும் ஒரு படிகம். அதைச் செய்ய ஆர்சனிக்கை முதலில் முழுக்க ஆக்சிஜனேற்ற வேண்டும், இரும்பு வேண்டும், சூடு வேண்டும், படிகம் வளர நேரம் வேண்டும். செய்து முடித்தபின் காரத்தன்மையுள்ள சுண்ணாம்புச் சேற்றோடு சேர்த்துப் புதைத்தால் அதுவும் கரையத் தொடங்கும்.

ஸ்வீடனின் பொலிடன் நிறுவனத்துக்கு இந்தத் தலைவலி பிறப்பிலேயே வந்தது. 1924-இல் கண்டுபிடித்த அவர்களுடைய தாதுவில் தங்கமும் ஏராளம், ஆர்சனிக்கும் ஏராளம். அதற்காகவே பால்டிக் கரையில் ரொன்ஷேர் என்ற இடத்தில் உருக்காலை கட்டி 1930-இல் தொடங்கினார்கள். வாயுவைப் பிடிக்கப் பழகியபின் சேறு குவிந்தது. 1984-85-இல் அதில் ஏறக்குறைய 20,000 டன்னைப் பணம் கொடுத்துச் சிலியின் அரிக்கா நகருக்கு அனுப்பினார்கள். பிரோமெல் என்ற உள்ளூர் நிறுவனம் அதிலிருந்து உலோகம் பிரித்தெடுப்பதாக ஏற்பாடு. பெரும்பகுதி திறந்தவெளியில் குவியலாகவே கிடந்தது. சில ஆண்டுகளில் பக்கத்திலேயே அரசு குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. குழந்தைகள் அந்தக் குவியலில் ஏறி விளையாடினார்கள். 796 பேர் ஸ்வீடனில் தொடுத்த வழக்கு 2018-இல் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காலம் கடந்துவிட்டது என்று முடித்தது. அதே நிறுவனம் இப்போது ரொன்ஷேருக்கு அடியிலேயே, 300 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து, ஆர்சனிக், பாதரசக் கழிவுகளை இறக்கி மூடும் கிடங்கு வைத்திருக்கிறது. பிடித்த நஞ்சை இன்னொருவர் தலையில் கட்டாமல் தன் காலடியிலேயே வைத்துக்கொள்வது என்ற அளவில், நான் அறிந்த ஏற்பாடுகளில் இதுதான் நேர்மையானது. செலவும் அதற்கேற்றபடிதான்.

நம் மாதிரி ஆலைக்கு நான் எடுத்துக்கொண்ட 4 லட்சம் டன் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் ஆண்டுத் திறன். எண் மட்டும்தான் அங்கிருந்து எடுத்தது. மேலே போட்ட ஆர்சனிக் கணக்கு அந்த ஆலையுடையது அல்ல. 2018 ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. சொன்ன காரணங்களில் உப்பாற்றோரம் கொட்டிய தாமிரக் கசடை அகற்றாததும் ஒன்று, சுற்றுப்புறக் காற்றில் ஆர்சனிக்கை வாரிய ஆய்வகம் வழியாக அளக்காததும் ஒன்று. ஆலைக்கு எதிரான போராட்டத்தில் மே 22, 23 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததும், அந்த வார இறுதிக்குப்பின் ஆலை மூடப்பட்டதும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திறக்க மறுத்ததும் எல்லாரும் அறிந்தவை. ஏப்ரல் உத்தரவின் அந்த ஆர்சனிக் வரியைப் படித்தவர்கள் குறைவு. கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, காற்றில்தான் அளக்க வேண்டும் என்று டகோமாவை வைத்துச் சொன்னது இதைத்தான்.

தாமிரத்தின் தேவை ஏறிக்கொண்டிருக்கிறது. மின்காரும் காற்றாலையும் அதைத்தான் கேட்கின்றன. சுத்தமான தாதுவை முதலில் எடுத்துத் தீர்த்தாகிவிட்டது. சிலியிலும் பெருவிலும் ஆழம் போகப் போகப் பல சுரங்கங்களில் எனார்கைட் கூடுகிறது. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆர்சனிக் உள்ள பொடியைச் சீனா துறைமுகத்தில் இறக்க விடுவதில்லை. அதனால் புதிதாக ஒரு வியாபாரம் தழைத்திருக்கிறது. 2, 3 சதவீத ஆர்சனிக் உள்ள பொடியை அபராத விலைக்கு வாங்கி, இடைவழித் துறைமுகம் ஒன்றில் சுத்தமான பொடியோடு கலந்து, 0.49-க்கு இறக்கிக் கப்பலேற்றுவார்கள். 571 அடி உயரத்தில் காற்றில் கலந்து செய்ததை இப்போது கிடங்கில் மண்வாரி இயந்திரத்தால் செய்கிறார்கள். சதவீதம் குறைகிறது, டன் குறைவதில்லை. கலந்த சரக்கு பத்து ஆலைகளுக்குப் பிரிந்து போகிறது, ஒவ்வொன்றின் வாசலிலும் அது எல்லைக்குள்தான் இருக்கிறது.